பதினாலு பொக்கட் நானா

காசை அச்சடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், எண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள், கண்டபடி செலவழிக்கிற என்னைப் போன்றவர்கள் ஏராளமாக இருக்கிறார்கள். ஆனால் காசுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையைக் கொஞ்சமும் குறைக்காமல் கொடுத்த மனிதர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் இலங்கையில், மாத்தளைக்குப் பக்கத்தில், பலாபத்வலையில் இருக்கிறார். பொக்கட் நானா என்று கேட்டால் யாரும் வீட்டைக் காட்டுவார்கள். எங்கள் பக்கத்து முஸ்லிம்களுக்கு அண்ணன் என்றால் நானா.

உண்மையான பெயர் என்ன என்று கேட்காதீர்கள். அது அவருக்கே சரியாக ஞாபகம் இல்லை. ஒரு தடவை நானும் அவரும் ஜொகன்னஸ்பர்க் விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தோம். ஒலிபெருக்கியில் ஒரு பெயரை நாலு தடவை கூப்பிட்டார்கள். "யாரோ பொறுப்பில்லாத ஆள், தம்பி. இவனால பிளேன் லேட்டாகுது பாரு" என்று நானா சலித்துக்கொண்டார். ஐந்தாவது தடவை என் பெயரையும் சேர்த்துக் கூப்பிட்டபோதுதான் அந்தப் பொறுப்பில்லாத ஆள் யார் என்று எங்கள் இருவருக்கும் விளங்கியது. அன்றைக்கு நாங்கள் ஓடிய ஓட்டத்தை மாத்தளை மைதானத்தில் ஓடியிருந்தால் ஒரு கிண்ணமாவது கிடைத்திருக்கும்.

நானாவுக்குத் தொழில் இரத்தினக்கல் தரகு. முதலில் எலஹெரப் பக்கத்தில் வாங்கி விற்றுக்கொண்டிருந்தார். பிறகு ஆபிரிக்காவின் தென்பக்க நாடுகளுக்குப் போய் வாங்கிவரப் பழகிவிட்டார். ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு காசு. கலந்துவிட்டால் கதை கந்தல். அதற்காக அவருடைய மனைவி ஒரு தடித்த பெனியனில் பதினாலு பொக்கட் வைத்துத் தைத்துக் கொடுத்தார். அமெரிக்க டொலருக்கு வெல்வட் துணி. தென்னாபிரிக்க ராண்டுக்குப் பஞ்சு மாதிரி மெத்தென்ற பிளனல். ஸாம்பியாவின் குவாச்சாவுக்கு இடுப்பில் கட்டுகிற சாரத் துணி. மொசாம்பிக் காசுக்குச் சாக்கு. பொட்ஸ்வானாவின் புலாவுக்கு மட்டும் மூத்த மகளின் கல்யாணப் புடவையில் வெட்டின மிச்சம். "அந்தப் பக்கத்துலேயே மானமுள்ள சல்லி அதுதான், தம்பி" என்பது காரணம். காசு அவர் வாயில் எப்போதும் சல்லிதான்.

எதற்கு இத்தனை வகைத் துணி என்று நான் ஒருநாள் கேட்டேன்.

"நாலு பேர் மத்தியில சல்லியக் கண்ணால பாக்கிறவன் மடையன். நீ பாத்தா பக்கத்துல நிக்கிறவனும் பாப்பான். கைதான் பாக்கணும். கைக்குத் துணி தெரியும்."

சொல்வதோடு நிற்காமல், பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று அந்தப் பெனியனை ஊரிலும் போட்டுக்கொண்டு திரிவார். மாத்தளை பஸ்ஸில் ஏறினால் கண்டக்டருக்குக் கண்டம். நானாவின் கை கமிசுச் சட்டைக்குள்ளே போகும். கண்கள் வானத்தைப் பார்க்கும். வயிற்றைச் சுற்றி ஒரு பிரயாணம் நடக்கும். கடைசியில் வெளியே வருவது யானைப் படம் போட்ட ஏதோ ஒரு நோட்டாக இருக்கும். இத்தனைக்கும் பதினாலு பொக்கட்டில் இலங்கைக் காசுக்கு ஒன்றுகூடக் கிடையாது. "ஊர்ச் சல்லிக்கு எதுக்குப் பொக்கட்? அது எங்க நிக்குது? வந்த கையோட போயிடுதே" என்பார். கடைசியில் டிக்கட் நான்தான் எடுப்பேன்.

பதினாலில் ஒன்று திருடனுக்கான பொக்கட். அது வெளியே தெரியும்படி இருக்கும். அதற்குள் ஒரு பழைய பர்ஸ், அதில் ஒன்றுக்கும் உதவாத ஸிம்பாப்வே கோடிகள், நானாவின் பாஸ்போட் அளவுப் படம் ஒன்று. ஜொகன்னஸ்பர்க்கில் ஒருவன் அதை அடித்துக்கொண்டு ஓடினானாம். இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்து, பர்ஸையும் கொடுத்து, நானாவின் முகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்து, பாவப்பட்டுப் பத்து ராண்டும் கொடுத்துவிட்டுப் போனானாம். இது நானா சொன்னது. நான் பார்க்கவில்லை. ஆனால் அந்தப் பத்து ராண்டை இன்னும் தனியாக வைத்திருக்கிறார்.

இத்தனை கவனமான மனிதர் ஏமாறவே மாட்டாரா என்றால், தாராளமாக ஏமாந்திருக்கிறார். லெசோத்தோ என்று ஒரு குட்டி நாடு, தென்னாபிரிக்காவின் வயிற்றுக்குள் இருக்கிறது. அங்கே ராண்டும் செல்லும், அவர்களுடைய சொந்தக் காசும் செல்லும். இரண்டுக்கும் ஒரே பெறுமதி. நானா அங்கே கணக்கு முடித்து, கையிலிருந்ததையெல்லாம் லெசோத்தோ நோட்டாக வாங்கிக்கொண்டு எல்லை தாண்டி வந்து, தென்னாபிரிக்கப் பக்கத்துக் கடையொன்றில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நோட்டை நீட்டினார். கடைக்காரி வாங்க மாட்டேன் என்று தலையாட்டிவிட்டாள். அந்தக் காசு இந்தப் பக்கம் செல்லாது. செருப்பைப் பிணையாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு மறுபடி எல்லை தாண்டிப் போய் மாற்றி வந்தாராம்.

"அது சீதனம் மாதிரி, தம்பி" என்று எனக்கு விளக்கம் சொன்னார். "இங்கருந்து அங்க போகும். அங்கருந்து இங்க வராது."

ஸாம்பியாவில் அதைவிட மோசம். முன்பெல்லாம் அங்கே ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டுமாம். மிஞ்சிய பத்து லட்சம் குவாச்சாவை அடுத்த பயணத்துக்கென்று நானா சாரத் துணிப் பொக்கட்டில் போட்டுக்கொண்டு ஊர் திரும்பினார். சில வருஷம் பலாபத்வலையில் மில்லியனராக நடமாடினார். அதற்குள் அந்த நாட்டு அரசாங்கம் மூன்று சைபரை வெட்டி, புது நோட்டு அடித்து, பழையதை மாற்றக் கொடுத்த தவணையும் முடிந்துவிட்டது. அடுத்த தடவை போய் நீட்டியபோது தோடம்பழம் விற்கிற பெண் நோட்டை வாங்கித் தன் பிள்ளைக்கு விளையாடக் கொடுத்தாளாம். "மூணு சைபர வெட்டுறவன் எனக்கு ஒரு கடுதாசி போட்டிருக்கலாம்தானே" என்று அந்த அரசாங்கத்தின் மேல் அவருக்கு இன்னும் கோபம்.

இப்படிப்பட்டவரோடு நான் ஏன் ஆபிரிக்கா போனேன் என்று கேட்பீர்கள். நான் மாத்தளையில் ஒரு மிளகு, கராம்பு களஞ்சியத்தில் கணக்கு எழுதுகிறவன். எங்கள் வீட்டுக் குசினிக்கு அப்போது தகரக் கூரை. அதில் எத்தனை ஓட்டை என்று மழைக்குத்தான் தெரியும். என் மனைவி புஷ்பா ஒரு கையில் அகப்பையும் ஒரு கையில் குடையுமாகச் சமைப்பாள். அந்தக் கூரையை எடுத்துவிட்டு கொங்கிறீட் போடுவதற்காக மூன்று வருஷம் சீட்டுக் கட்டினாள். சீட்டு விழுந்தது. விழுந்த அன்றைக்கே என் புத்தி ஊர் சுற்றத் தொடங்கிவிட்டது. நானா ஸாம்பியாவுக்குப் போகிறார், செவ்வந்திக்கல் வாங்கப் போகிறார், படிவம் நிரப்பவும் இங்கிலீஷ் பேசவும் துணைக்கு ஆள் வேண்டும் என்று எனக்கு டிக்கட்டும் போடுகிறார். சீட்டுக் காசைக் கொண்டுபோய்க் கல்லாக மாற்றி வந்தால் கூரையோடு சுவரும் கட்டலாமே?

புஷ்பா என்னை வெகுநேரம் பார்த்தாள்.

"நானா கூடப் போறீங்கன்னா தர்றேன். நீங்க மட்டும் போறதா இருந்தா அம்பது ரூபா கூடத் தர மாட்டேன்."

காசைக் கண்டியில் டொலராக மாற்றினோம். அதற்கே ஒரு நாள் போனது. நானாவுக்கு எல்லாம் நூறு டொலர் நோட்டாக இருக்க வேண்டும், அதிலும் அந்த அமெரிக்கக்காரரின் படம் பெரிய தலையாக இருக்க வேண்டும். சின்னத் தலை போட்ட பழைய நோட்டுகளை அந்தப் பக்கத்தில் பல இடங்களில் எடுப்பதில்லையாம். மடிப்பு இருக்கக் கூடாது. பேனைக் கீறல் கூடாது. முத்திரை கூடாது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் ஒவ்வொரு நோட்டாகக் கொடுக்க, நானா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, விரலால் தடவி, காதருகே சடசடக்க வைத்து, பாதியைத் திருப்பிக் கொடுத்தார். கடைசியில் இருபத்திரண்டு நோட்டு தேறியது. அதைக் கடுதாசியில் வைத்து, உறையில் போட்டு, மேலே நூல் சுற்றி என் கையில் தந்தார்.

"பச்சைக் குழந்த மாதிரி, தம்பி. சும்மா சும்மா தூக்கக் கூடாது. லுசாகாவுல நான் சொல்ற வரைக்கும் பிரிக்கவும் கூடாது."

நான் கொண்டுபோய் அலுமாரியில் வைத்தேன். இரண்டு நாள் அங்கேயே இருந்தது. புறப்படுகிற அன்று அப்படியே எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். சத்தியமாக நான் பிரிக்கவில்லை.

பயணத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. கட்டுநாயக்க விமான நிலையத்தில் நானாவின் பெனியனைச் சோதித்த அதிகாரி, பூச்சி அரிக்காமல் இருக்க ஒவ்வொரு பொக்கட்டிலும் போட்டிருந்த கராம்பை மோந்து, பதினாலு பொக்கட்டுக்கும் பதினாலு தும்மல் போட்டார். சில்லறைக் காசையெல்லாம் நானா காலுறைக்குள் போட்டிருந்தார். அவர் நடந்தால் சலங்கைச் சத்தம். ஸாம்பியாவின் தலைநகர் லுசாகாவில் ஒரு பெரிய கடையில் சில்லறை இல்லை என்று மிச்சத்துக்கு இரண்டு டொபி மிட்டாய் கொடுத்தார்கள். நானா வாங்கிப் பத்திரப்படுத்தி, மறுநாள் அதே கடையில் தண்ணீர்ப் போத்தல் வாங்கியபோது காசோடு அந்த இரண்டு டொபியையும் சேர்த்து நீட்டினார். கல்லாவில் இருந்த பெண்பிள்ளை விழுந்து விழுந்து சிரித்துவிட்டு எடுத்துக்கொண்டது. "பாத்தியா, இங்க இதுவும் சல்லிதான்" என்றார் என்னிடம்.

கல் விற்கிறவர் மிஸிஸ் பண்டா என்ற அம்மா. ஆள் நல்ல உயரம், சிரிப்பும் அதே அளவு. பெயரைக் கேட்டதும் நானாவுக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் பக்கத்துச் சிங்களக் கிராமங்களிலும் வீட்டுக்கொரு பண்டா உண்டு. "பண்டாவா? யட்டவத்தையில எத்தன பண்டா இருக்காங்க தெரியுமா? கேளு தம்பி, சொந்தமான்னு கேளு" என்று என்னைப் போட்டுப் பிடுங்கினார். நான் வெட்கத்தோடு கேட்டேன். அந்த அம்மா சளைக்கவில்லை. தன் தாத்தாவுக்கு ஊர் சுற்றுகிற பழக்கம் இருந்தது, சொல்ல முடியாது என்றார். அந்த நிமிஷத்திலிருந்து இருவரும் உறவுக்காரர்கள்.

நானா முதல் நாளே தன் பங்குக் கல்லை வாங்கி முடித்துவிட்டார். எனக்கென்று மிஸிஸ் பண்டா ஒரு பொட்டலம் எடுத்து வைத்தார். கத்தரிப்பூ நிறத்தில் கற்கள். எனக்கே அதைப் பார்த்ததும் ஆசை வந்தது. அதை வேறு ஆட்களும் கேட்டிருக்கிறார்கள், நாளைப் பகல் பன்னிரண்டு மணி வரைதான் வைத்திருப்பேன், பணம் குவாச்சாவாக வேண்டும் என்றார். நாங்கள் ஊர் திரும்புவதும் மறுநாள்தான். போனில் பணம் அனுப்பும் வசதி உண்டா என்று கேட்டார். அங்கே தேங்காய் விற்கிறவர் வரைக்கும் அதுதான் வழக்கம்.

"போன்ல சல்லியா? போன் விழுந்து உடைஞ்சா?" என்று நானா பதறினார். "வேணாம் தம்பி. வா, டொலர மாத்துவோம்."

நாணய மாற்றுக் கடையின் கண்ணாடிக்கு முன்னால் நின்றோம். நானா அக்கம்பக்கம் பார்த்தார். தன் உடம்பை எனக்கும் தெருவுக்கும் நடுவில் மறைப்பாக வைத்தார்.

"இப்ப பிரி."

பிரித்தேன்.

ஒவ்வொரு நோட்டின் நாலு மூலையிலும் மஞ்சள். நடுவில், அந்தப் பெரிய தலைக்காரரின் நெற்றியில், வட்டமாக ஒரு குங்குமப் பொட்டு. இருபத்திரண்டு பேருக்கும். பெரிய தலையாகத் தேடி எடுத்ததால் பொட்டு நன்றாகவே எடுபட்டது.

நல்ல காரியத்துக்குப் போகும் எதற்கும் மஞ்சள் குங்குமம் வைக்காமல் எங்கள் வீட்டில் வாசல் தாண்ட விடுவதில்லை. கல்யாணக் கார்டுக்கு வைப்போம். புதுக் கணக்குப் புத்தகத்துக்கு வைப்போம். நான் வேலைக்கு விண்ணப்பம் போட்டபோது அதற்கும் வைத்தார்கள். மூன்று வருஷம் கட்டிய சீட்டுக் காசு கடல் தாண்டிப் போகும்போது புஷ்பா வைக்காமல் விடுவாளா? முத்துமாரியம்மன் கோயிலுக்குக் கொண்டுபோய், அம்மன் காலடியில் வைத்து வாங்கி, வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வைத்திருக்கிறாள். பிறகு நானா சுற்றிய மாதிரியே நூலையும் சுற்றி வைத்திருக்கிறாள்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் ஒரு நோட்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். பக்கத்துப் பெண்ணைக் கூப்பிட்டாள். அவள் மனேஜரைக் கூப்பிட்டாள். மனேஜர் எங்களைப் பார்த்த பார்வையில், இந்தப் பணம் எந்த வங்கியை உடைத்து எடுத்தது என்ற கேள்வி பச்சையாகத் தெரிந்தது. திருட்டுப் பணத்தில் சாயம் தெறிக்கும்படி பெட்டிக்குள் பொறி வைப்பார்களாம். இங்கிலீஷ் பேச வந்தவன் நான். பேசியவர் நானா.

"சேர், திஸ் நோ தீஃப். திஸ் மதர் காட் பவுடர். ஹிஸ் வைஃப் புட். வெரி குட் வைஃப்."

ஐந்து வேளை தொழுகிற மனிதர், மாத்தளை முத்துமாரிக்காக லுசாகாவில் நின்று வாதாடினார். மனேஜர் சிரித்துவிட்டார். எங்களைப் பொலீசுக்குக் கொடுக்கவில்லை. ஆனால் நோட்டையும் எடுக்கவில்லை. கறை பட்ட டொலரைத் தாங்கள் எடுத்தால் தங்களிடமிருந்து யாரும் எடுக்க மாட்டார்கள் என்றார். இன்னும் மூன்று கடை ஏறி இறங்கினோம். எல்லாரும் பொட்டை ரசித்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள்.

தங்கியிருந்த அறைக்கு வந்ததும் நானா வைத்தியம் தொடங்கினார். முதலில் சாப்பிட வைத்திருந்த பாண் துண்டால் தேய்த்தார். பாண் மஞ்சளானது, நோட்டும் மஞ்சளாகவே இருந்தது. பிறகு, நான் தடுக்குமுன்னே, ஒரு நோட்டின் மூலையில் சவர்க்காரத்தைப் போட்டுவிட்டார். மஞ்சளும் சவர்க்காரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று வீட்டில் துணி துவைக்கிறவர்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியவில்லை. மூலை ரத்தச் சிவப்பாக மாறியது.

நானா அதை உயர்த்திப் பிடித்துப் பார்த்தார். "முந்தி திருட்டுச் சல்லி மாதிரி இருந்துச்சு. இப்ப கொலையே நடந்த மாதிரி இருக்கு, தம்பி."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். மூன்று வருஷம், மாதா மாதம், குடையைப் பிடித்துக்கொண்டு சமைத்த கைகள் கட்டிய காசு. கல் கிடைக்காமல் போனாலும் போகட்டும், காசே ஊருக்குத் திரும்பினாலும் இது செல்லுமா என்று பயம் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து புஷ்பாவிடமிருந்து போன் வந்தது. குரலில் அப்படியொரு பெருமை.

"என்னங்க, பிரிச்சிட்டீங்களா? நாலு மூலையிலும் வச்சிருக்கேன், பாத்தீங்களா? ஒண்ணையும் விடல்ல. எப்படி, ராசியா இருக்கா?"

நான் வாயைத் திறக்குமுன் நானா போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"தங்கச்சி, நானா பேசுறேன். நல்ல ராசி! போற இடமெல்லாம் எடுத்து எடுத்துப் பாக்கிறாங்க. இந்த மாதிரி டொலர் இந்த நாட்டுக்கே வந்ததில்லையாம். நீங்க நிம்மதியா இருங்க."

மறுநாள் காலையில் தொழுது முடித்துவிட்டு என்னிடம் ஒரு பிளேட் கேட்டார். சவரம் செய்யப் போகிறார் என்று நினைத்தேன். இடுப்பிலிருந்து அகலமான பச்சைப் பெல்டைக் கழற்றினார். உள்பக்கத்தில் நெருக்கமாகத் தையல் ஓடியிருந்தது. பதினாலு பொக்கட்டையும் மனப்பாடமாக வைத்திருந்த எனக்குப் பதினைந்தாவது ஒன்று இருப்பது அன்றைக்குத்தான் தெரியும். தையலை ஒவ்வொன்றாக அறுத்தார். உள்ளே பட்டுத் துணியில் நூறு டொலர் நோட்டுகள், ஒரு மடிப்பில்லை, ஒரு கறையில்லை.

"என்ன நானா இது?"

"மக்காவுக்கு. நானும் பொஞ்சாதியும் உம்ராவுக்குப் போறதுக்குச் சேர்த்தது. ஏழு வருஷச் சல்லி. வீட்டுல வச்சா அவளுக்குத் தூக்கம் வராது. என்ட இடுப்புல இருந்தாத்தான் ரெண்டு பேருக்கும் நிம்மதி."

இருபத்திரண்டை எண்ணிக் கட்டிலில் வைத்தார். எனக்குப் புரிந்துவிட்டது.

"வேணாம் நானா. உம்ராச் சல்லிய நான் தொட மாட்டேன்."

"நீ யாரு வேணாம்னு சொல்ல? உனக்கா தர்றேன்? தங்கச்சிட குசினிக்குத் தர்றேன்." கோபமாகத்தான் சொன்னார். "நான் தானம் பண்ணல்ல. மாத்துறேன். இருபத்திரண்டு தர்றேன், இருபத்திரண்டு எடுக்கிறேன். உன்ட சல்லிக்கு இந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கல்ல, அவ்வளவுதான். ஊருக்குப் போனா எந்த பேங்க்லயும் எடுப்பாங்க."

"அந்தச் சிவப்பு நோட்டு?"

"அது நான் கெடுத்தது. அத எடுக்காம விட்டா நான் மனுஷனா?"

பொட்டு வைத்த இருபத்திரண்டு பேரையும் பட்டுத் துணியில் அடுக்கி, பெல்டுக்குள் வைத்து, ஊசி நூல் வாங்கித் தானே தைத்தார். மூன்று தடவை விரலில் குத்திக்கொண்டார். பிறகு எழுந்து, "வா தம்பி, பன்னிரண்டு மணிக்கு முந்திப் போகணும்" என்றார்.

மாற்றிய குவாச்சா கட்டுக் கட்டாக வந்தது. எல்லாவற்றையும் நானா என் கமிசுக்குள்ளும் தன் கமிசுக்குள்ளும் அடைத்தார். இரண்டு கர்ப்பிணிகள் மாதிரி நடந்து மிஸிஸ் பண்டா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொன்றே முக்கால். அந்த அம்மா எங்கள் வயிற்றைப் பார்த்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். கல் கைக்கு வந்தது.

ஊருக்கு வந்து இரண்டு மாதத்தில் கற்களை விற்றேன். புஷ்பாவிடம் சொன்ன மாதிரி இரட்டிப்பாகவில்லை. ஆனால் கூரைக்குப் போதும், சுவருக்கும் பாதி காணும். குசினிக்குக் கொங்கிறீட் போட்டோம். அவளிடம் நடந்ததைச் சொல்லவில்லை. சொன்னால் தன் கையாலே கெடுத்தேன் என்று சோறு தண்ணி இல்லாமல் கிடப்பாள். நானாவும் சொல்லவில்லை. அந்த மஞ்சள் நோட்டுகள் என்ன ஆயின என்று நான் கேட்கும்போதெல்லாம், "பேங்க்ல குடுத்துட்டேன், எடுத்துக்கிட்டாங்க" என்று முடித்துவிடுவார்.

சில மாதம் கழித்து ஒரு நாள் பஸ்ஸில் போகும்போது பலாபத்வலைப் பள்ளிவாசல் முன்னால் கூட்டம். உம்ராவுக்குப் போகிறவர்கள் வெள்ளை உடுத்து வேனில் ஏறிக்கொண்டிருந்தார்கள். நானாவும் நின்றார், கட்டம் போட்ட சாரத்தோடு. மற்றவர்களின் பைகளைத் தூக்கி வேனின் மேலே அடுக்கிக்கொண்டிருந்தார். நான் இறங்கி ஓடினேன்.

"நானா, நீங்க போகல்லயா?"

"அடுத்த வருஷம் அங்க வெயில் குறைவாம், தம்பி."

அவருடைய மனைவியிடம் கேட்டபோதுதான் விஷயம் வந்தது. கறை பட்ட நோட்டுகளை வங்கி உடனே எடுக்கவில்லை. வெளிநாட்டுக்கு அனுப்பிப் பார்த்துத்தான் தருவோம், மாதக் கணக்கில் ஆகும், அதற்குக் கட்டணமும் உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். சிவப்பு நோட்டைத் தொடவேயில்லை. நான் அன்று மாலையே இருபத்திரண்டு நோட்டுக்கும் பெறுமதியான ரூபாயைப் புரட்டிக் கொண்டுபோய் நீட்டினேன். நானா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சல்லி வருத்தமா ஆஸ்பத்திரியில இருக்கு. சுகமாகி வரும். அதுக்குள்ள உன்கிட்டயும் வாங்கினா ஒரே சல்லிய ரெண்டு தடவ வாங்கின மாதிரி. அது ஹராம்."

"அந்தக் கட்டணத்தயாவது..."

"என்ட சல்லிக்கு வைத்தியச் செலவு நான்தான் பாக்கணும். போ, போய் டீ குடி."

சிவப்பு நோட்டைத் தவிர மற்றச் சல்லி சுகமாகி வந்தது. அதற்குள் பயணச் செலவு ஏறிவிட்டது. மறுபடி சேர்த்து, போவதற்கு இரண்டு வருஷம் ஆகிவிட்டது.

இந்த மாதத் தொடக்கத்தில் ஒரு காலை, நானாவும் மனைவியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். உம்ராவுக்குப் போகுமுன் தெரிந்தவர் வீடெல்லாம் ஏறி, தெரிந்தும் தெரியாமலும் செய்த தவறுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவது அவர்கள் வழக்கம். மாப்பு கேட்பது என்பார்கள். என்னிடம் கேட்டார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு புஷ்பாவின் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, உங்ககிட்ட ஒரு பொய் சொல்லிட்டேன். ஸாம்பியாவுல இருந்து, போன்ல. அத மனசுல வச்சுக்கிட்டு அங்க போய் நிக்க ஏலாது. மாப்பு செய்யணும்."

"என்ன பொய், நானா?"

நானா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவரே எல்லாவற்றையும் சொன்னார். நாலு கடை ஏறி இறங்கியதையும் சவர்க்காரத்தையும் பெல்டையும் ஒன்றுவிடாமல் சொன்னார். யாரும் எடுக்காத காசை நல்ல ராசி என்று சொன்னதுதான் அந்தப் பொய் என்றார். சொல்லும்போது அவர் குரல் குற்றவாளியின் குரலாகவே இருந்தது.

புஷ்பா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"அது பொய் இல்ல, நானா" என்றாள். "இவரு கூட உங்கள அனுப்பினேனே. அது ராசி இல்லாம வேற என்ன?"

பொக்கட் நானாவின் கை கமிசுக்குள்ளே போய், எதையோ தேடி வயிற்றைச் சுற்றி ஒரு பிரயாணம் நடத்தி, வெறுமனே வெளியே வந்தது.

அவர் போய் இன்றைக்குப் பதினொரு நாள். வருகிற புதன்கிழமை திரும்பி வருகிறார். பலாபத்வலைக்கு வந்து சேரும்வரை அவரைப் பார்க்காமல் பொறுத்திருக்க என்னால் முடியாது. விமான நிலையத்துக்கே போய் நிற்கப்போகிறேன்.